நாடகத் தமிழும் சங்கரதாஸ் சுவாமிகளும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. ஆயினும் வகுப்பறையில் நாம் பயில்வது பெரும்பாலும் இயற்றமிழே. இசைத் தமிழுக்குச் சபைகளும் தனிக் கல்லூரிகளும் உள. நாடகத் தமிழோ மூன்றாவதாக எண்ணப்படுவதோடு அமைந்துவிடுகின்றது. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அம்மூன்றாந் தமிழுக்கே தம் வாழ்நாளை ஈந்த ஒரு புலவரை இலக்கிய வரலாற்றில் ஓரிரு வரிகளிற் கடந்து செல்கின்றோம். அவரே சங்கரதாஸ் சுவாமிகள். அவர் நமக்கு நெடுந்தொலைவில் உள்ளவரும் அல்லர். முண்டியம்பாக்கத்திற் புகைவண்டி ஏறி விழுப்புரத்தில் மாறினால் எய்தும் புதுச்சேரியிலேதான் அவர் உடல் அடக்கமாகியிருக்கிறது.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அணித்தாகிய காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். இளமையில் தந்தையாரிடமும், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். வெண்பாவும் கலித்துறையும் எளிதிற் பாடவல்ல அவர், இருபத்து நான்கு வயதளவில் அலுவலை விடுத்து நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். கூத்தாடிகள் என்று கற்றோர் இகழ்ந்த கூட்டத்திற் கற்றவர் ஒருவர் தாமே சென்று புகுந்தது அக்காலத்தில் எளிய செயலன்று.

அந்நாளைய நாடகமேடையின் நிலையை ஈண்டுச் சிறிது நோக்குதல் வேண்டும். நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் திரௌபதியம்மன் திருவிழாக்களில் இரவு முழுதும் நிகழும் பாரதக் கூத்தினை நாம் அறிவோம். அதற்குத் தெருவே அரங்கம். வழிவழி வந்த பாட்டே உயிர். பார்சி நாடகக் குழுவினரின் திரையும் காட்சிச் சீலையும் தென்னாட்டிற்கு வந்தபின், நம் கதைகள் உயர்ந்த மேடையில் ஏறின. ஆயினும் கதை ஏறிய அளவிற்கு உரையாடல் ஏறவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நடிகர் தம் நாவில் வந்ததைப் பேசினர். இருவர் எதிர்நின்றால் கதையை மறந்து ஒருவரையொருவர் வெல்லப் பேசுதலும் உண்டு.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டோருள் சுவாமிகள் தலையாயவர். பாட்டோடு உரையாடலையும் அவரே எழுதி, இன்னார் இன்னது பேசுக என வரையறுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா, சதி சுலோசனா, பிரகலாதன் முதலாக அவர் இயற்றியவை நாற்பதுக்கும் மேற்பட்டன. தெருக்கூத்திற்கு உரிய பாரதக் கதைகளையே மேடைக்கு ஏற்ப அமைத்தமையால், பொதுமக்கள் அவற்றைத் தம்முடையனவாகவே ஏற்றனர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற தாளப் பயிற்சி அவர் பாட்டுக்களுக்கு வலிமை தந்தது.

முதலில் அவர் நடிகராகவும் விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்கு உரியன. அவர் தோன்றிய கோலங்கண்டு கருவுற்ற மகளிர் அஞ்சித் துன்புற்றனர் என்றும், அது முதல் வேடம் புனைதலை விட்டார் என்றும் கூறுவர். பின்னர்த் துறவுள்ளம் பூண்டு தலயாத்திரை செய்தார். சுவாமிகள் என்னும் பெயர் அதனால் வந்தது. இறுதிவரை மணஞ்செய்துகொள்ளவில்லை.

யாத்திரைக்குப் பின் அவர் செய்த தொண்டே அவர்தம் பெருமைக்குக் காரணம் என்பது நம் கருத்து. வளர்ந்த நடிகரை ஒழுங்கிற்கு உட்படுத்துதல் அரிதெனக் கண்டு, சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் இசையாற் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா அங்குப் பயின்றவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அதில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது சண்முகத்திற்கு வயது ஆறு. அச்சிறுவனின் ஆற்றல் கண்டு, அவன் நடித்தற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை, அவ்வை சண்முகம் எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அம்மாணவரே பதிவு செய்துள்ளார்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அச்சிறுவர் பள்ளியை விடுத்து வந்தவர்; இரவில் விழித்து ஊர்ஊராய்த் திரிந்தவர். கல்லூரியிற் கற்கும் நாம் அதனை எண்ணாது புகழ்தல் முறையன்று. எனினும், வேறு கல்வி எளிதில் வாயாத எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு அச்சபையே பள்ளியாயிற்று. செய்யுளும் இசையும் திருந்திய உச்சரிப்பும் அவர்கள் அங்கே பெற்றனர்.

அமெரிக்க நாட்டு முதல் நாடகாசிரியருள் ஒருவராகிய வில்லியம் டன்லப் (1766–1839) என்பாரை இவரோடு ஒப்பிடலாம். அவரும் நாடகம் எழுதியதோடு நியூயார்க்கில் அரங்கம் நடத்தியவர். 1805-இல் கடனால் முறிந்தவர். ஆனால் 1832-இல் அமெரிக்க நாடக வரலாற்றை அவரே எழுதி அச்சிட்டார். நம் சுவாமிகளோ தம் வரலாற்றை எழுதவில்லை. அவர் எழுதிய நாடகங்கள் ஏட்டினும் மிகுதியாக மாணவர் நாவிலேயே தங்கின. 1891-இல் சென்னையிற் சுகுண விலாச சபையைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்கள் நூலாக வந்து கற்றோர் கையில் நின்றன. சுவாமிகளின் நாடகங்கள் கல்லாதார் செவியில் நின்றன. இலக்கிய வரலாற்றில் இருவரும் பெற்ற இடம் வேறுபட்டதற்கு இஃது ஒரு காரணமாகும்.

கடைசி நாட்களிற் சுவாமிகள் பக்கவாதத்தால் வாக்கிழந்தார். எத்தனையோ பேருக்குப் பேசக் கற்பித்த நா அடங்கிற்று. ஆயினும் குழுவைப் பிரியாது உடன்சென்று, 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் உயிர்நீத்தார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் நினைவிடத்திற்கு ஆண்டுதோறும் நாடகக் கலைஞர் வந்து வணங்குகின்றனர். புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஊர்த்திருவிழா இரவுகளில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் நடைபெறுகின்றது.

ஒரு நூற்றாண்டு கடந்தும் விடியுமளவும் மக்கள் அமர்ந்து கேட்கும் தமிழ், இலக்கியம் அன்று எனின், இலக்கியம் என்பதற்கு நாம் கொண்ட இலக்கணமே குறைவுடையது. ஏட்டில் உள்ளதே இலக்கியம் எனக் கொள்ளின், முதுமையுற்ற நடிகர் ஒருவர் மறையுந்தோறும் நாடகத் தமிழின் ஒரு பகுதி நம்மை அறியாமலே மறையும். எனவே தமிழ் மாணவராகிய நாம், நம் பக்கத்துக் கூத்தரிடமும் தென்னாட்டு நாடகக் கலைஞரிடமும் சென்று, அவர் பாடுவதைக் கேட்டு, பாடவேறுபாடுகளோடு எழுதிவைத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடி தேடி அலைந்த பெரியோரின் வழியில் நமக்கு எஞ்சியுள்ள பணி இதுவே. அப்பொழுதே முத்தமிழ் என்னும் சொல் நம் வாயில் முழுமை பெறும்.