பந்து, டப்பா, பிரமிடு... 0.5236-ல் என்னதான் ரகசியம்?

பழங்கால எகிப்தியர்களுக்கு மீட்டர் அளவு தெரியும், பிரமிடே அதுக்குச் சாட்சின்னு சொல்ற ரீல்ஸ் உங்க ஃபீடுக்கும் வந்திருக்கலாம். கூடவே 'சேக்ரட் ஜியோமெட்ரி' டாலர், ஆன்லைன் கோர்ஸ் விளம்பரங்களும் வரும். காசு கட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துடலாமே!

டப்பாவுக்குள் பந்து

எல்லாப் பக்கமும் 10 செ.மீ இருக்கிற ஒரு கனசதுர டப்பா. ஆறு பக்கத்தையும் தொடுற மாதிரி உள்ளே ஒரு பந்து. டப்பாவின் கன அளவு 1,000 கன செ.மீ, பந்துக்கு 523.6. அதாவது, கிட்டத்தட்ட பாதி டப்பா காலி! மேற்பரப்பு? டப்பாவுக்கு 600 சதுர செ.மீ, பந்துக்கு 314.16. வகுத்தா இங்கேயும் அதே 0.5236.

இது மேஜிக் இல்லை. டப்பாவை, அதன் நடுப்புள்ளியில் முனைகள் சேர்ற ஆறு பிரமிடுகளா வெட்டலாம். ஒவ்வொண்ணும் 5 செ.மீ உயரம். பந்தையும் அதேபோல எக்கச்சக்கமான குட்டிப் பிரமிடுகளா நினைச்சுக்கோங்க. அங்கேயும் உயரம் 5 செ.மீ-தான். உயரம் ஒண்ணா இருக்கிறதால, மேற்பரப்பின் விகிதம்தான் கன அளவின் விகிதமும். டப்பா சைஸ் மாறினாலும் இந்த எண் மாறாது. 'பை'-யை 6-ஆல் வகுத்தா வர்ற எண் இது.

பிரமிடு எப்படி உள்ளே வந்தது?

எகிப்தியர்களின் அரச முழம் சுமார் 52.4 செ.மீ. 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவை ஆறா பிரிச்சா 52.36 செ.மீ. பொருத்தம் நிஜம்தான். ஆனா, பிரெஞ்சுக்காரங்க மீட்டரை வரையறுத்ததே 1791-ல். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குன்னு வெச்சாங்க. கிசாவின் பெரிய பிரமிடு அதுக்கு 4,000 வருஷத்துக்கும் மேல சீனியர்!

அதே 52.36 செ.மீ-யை அடிக்கு மாத்தினா 1.718. கணிதத்தில் 'பை' மாதிரியே பிரபலமான இன்னொரு எண் 'ஈ'. அதன் மதிப்பு சுமார் 2.718. அதில் ஒண்ணைக் கழிச்சாலும் 1.718! அப்போ இங்கிலீஷ்காரங்களோட அடியும் எகிப்தியர்களுக்குத் தெரியுமா? அளவுகோலை மாத்தி மாத்தித் தேடினா, ஏதாவது ஒரு பிரபல எண் மாட்டத்தான் செய்யும்.

ஒரே கேள்வி

இனி இப்படி ஒரு வீடியோ வந்தா, 'அளவை மாத்தினாலும் இந்த ரகசியம் நிக்குமா?'ன்னு மட்டும் கேளுங்க. பந்து-டப்பா கணக்கு நிக்கும். முழக் கணக்கு நிக்காது. டாலர் அழகா இருந்தா வாங்கிப் போட்டுக்கோங்க. நோய் தீரும்னு சொல்லி வித்தா, டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய காசை அங்கே கொடுத்துடாதீங்க.