மே மாதத்து 145 பவுண்டு

"ஹீட்டரைத் தொட்டே ஒரு மாசம் ஆச்சு அண்ணா. அப்புறம் எதுக்கு 145 பவுண்டு எடுத்திருக்கான்?"

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் மே, ஜூன் மாதங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி. கோபம் நியாயமானதுதான். ஆனால் வங்கியிலிருந்து போன அந்தத் தொகைதான் இந்த மாதத்து பில் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது பில்லே இல்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வருவார், மீட்டரைப் பார்ப்பார், அட்டையில் குறிப்பார். எரித்த யூனிட்டுக்கு அப்புறம் பணம் கட்டுவோம். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் கட்டுகிற முறை வேறு. நீங்கள் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் செலவழிப்பீர்கள் என்று கம்பெனி முன்கூட்டியே ஒரு மதிப்பீடு போடுகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகையை டைரக்ட் டெபிட்டாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் எரித்ததற்கான கணக்கு தனியாக ஓடும். கம்பெனி ஸ்டேட்மென்ட் அனுப்பும்போது அதில் வரும். நாம் அதைத் திறப்பதில்லை. வங்கி ஆப்பில் தெரியும் 145-ஐ மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நானாக வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஆண்டுச் செலவு 1,740 பவுண்டு, மாதத்துக்கு 145. மே மாதத்தில் அந்த வீடு உண்மையில் செலவழித்தது 95, ஜூனில் 70, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 65, செப்டம்பரில் 85, அக்டோபரில் 140. அக்டோபர் முடியும்போது கட்டியது 870, செலவானது 520. கணக்கில் 350 பவுண்டு உங்கள் பக்கம் நிற்கும். அங்கிருந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓயாது: நவம்பர் 195, டிசம்பர் 240, ஜனவரி 255, பிப்ரவரி 220, மார்ச் 185. அந்த 350 கரைந்து, மார்ச் முடிவில் 20 பவுண்டு பாக்கியாகி, 125 பவுண்டு மட்டும் செலவாகும் ஏப்ரலில் கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நிற்கிறது. மே மாதம் கூடுதலாகப் போன ஐம்பது பவுண்டு ஜனவரிக் குளிருக்குப் போனது.

இதே வீட்டில் மே மாதத்துக்குப் பதிலாக நவம்பர் முதல் தேதி குடிபோனதாக நினைத்துப் பாருங்கள். அதே செலவு, அதே 145. முதல் மாதமே 50 பவுண்டு பாக்கி. டிசம்பரில் 145, ஜனவரியில் 255, மார்ச் முடிவில் 370 பவுண்டு பாக்கி. ஸ்டேட்மென்டைத் திறந்தால் பகீரென்று இருக்கும். கம்பெனியின் கணிப்பொறிக்கும் பகீரென்றிருக்கும். உடனே மாதத் தொகையை ஏற்றச் சொல்லிக் கடிதம் வரும். உண்மையில் யாரும் தவறு செய்யவில்லை. அடுத்த அக்டோபர் வந்தால் அந்தப் பாக்கி தானாகவே தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: மிச்சமா பாக்கியா என்று பார்க்குமுன் காலண்டரைப் பாருங்கள்.

இந்த டைரக்ட் டெபிட் என்பது என்ன? ஸ்டாண்டிங் ஆர்டர் என்றால் நீங்கள் வங்கிக்குக் கட்டளையிட்டுப் பணத்தை அனுப்புகிறீர்கள். தொகையை மாற்ற உங்களால் மட்டும்தான் முடியும். டைரக்ட் டெபிட்டில் கம்பெனிதான் உங்கள் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதற்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், தொகையை மாற்றவும் சேர்த்து. 1964-இல் யூனிலீவர் நிறுவனத்தில் ஐஸ்கிரீம் விற்பவர்களிடம் வசூல் செய்யும் தொல்லையைத் தீர்க்கப் பிறந்த யோசனை இது. இன்று நாடே அதில்தான் கவுன்சில் வரி, தண்ணீர், போன் எல்லாம் கட்டுகிறது.

அடுத்தவன் கை நம் பையில் இருப்பது போலத் தோன்றினால் பயப்பட வேண்டாம், அதற்கு ஒரு கடிவாளம் உண்டு. டைரக்ட் டெபிட் உத்தரவாதம் என்று எல்லா வங்கிகளும் தருகின்றன. தொகையோ தேதியோ மாறினால் முன்கூட்டியே, வழக்கமாகப் பத்து வேலை நாள்களுக்கு முன், சொல்லியாக வேண்டும். தவறாக எடுத்துவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உடனே திருப்பித் தர வேண்டும். அதற்குக் கம்பெனியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வங்கியிடம் சொல்லி எப்போது வேண்டுமானாலும் ரத்தும் செய்யலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உத்தரவாதம் பணம் எடுத்த விதத்தில் நேர்ந்த தவறுக்குத்தான். எரித்த கேஸுக்கான கடனை அது தள்ளுபடி செய்யாது.

இனி அந்த மதிப்பீடு. எல்லாம் அதில்தான் தொங்குகிறது, அதில்தான் கோளாறும் வரும். ஸ்மார்ட் மீட்டர் சரியாக வேலை செய்தால் ரீடிங் தானாகப் போய்விடும். பழைய மீட்டர் என்றால் நீங்கள்தான் எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கம்பெனி ஊகித்துக்கொள்ளும். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் ஊகமா, உண்மையா என்று குறித்திருப்பார்கள். ஊகத்தின் மேல் ஊகமாக ஓராண்டு ஓடினால் மாதத் தொகை எதையும் குறிக்காது. நீங்கள் வருவதற்கு முன் அந்த வீட்டில் ஐந்து பேர் குடும்பம் இருந்து, இப்போது இரவு ஷிப்ட் நர்ஸ் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சாவி வாங்கிய அன்றே இரண்டு மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே. முந்தைய குடித்தனக்காரர் எரித்ததை நீங்கள் கட்டாமல் தப்ப வேறு நல்ல சாட்சி கிடையாது.

எரிவாயு மீட்டரில் ஒரு சின்னச் சிக்கல். மின்சார மீட்டர் நேராக யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், காட்டும். எரிவாயு மீட்டர் கன மீட்டரில் காட்டும், பில் யூனிட்டில் வரும். ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 11 யூனிட். மிகப் பழைய மீட்டர்கள் நூறு நூறு கன அடியாக ஓடும்; அவற்றில் காட்டும் எண்ணை முதலில் 2.83-ஆல் பெருக்கிக் கன மீட்டராக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் பதிந்துவிட்டால் பில் ஏறத்தாழ மூன்று மடங்காகும், அல்லது மூன்றில் ஒரு பங்காகும். மீட்டரின் முகப்பில் 'எம்' என்ற எழுத்தும் மேலே சின்ன 3-ம் இருந்தால் கன மீட்டர். பில்லில் உள்ளதும் அதுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். தினமும் சாம்பாரும் ரசமும் வைப்பதால்தான் கேஸ் பில் ஏறுகிறது என்று வீட்டில் யாராவது பழி போட்டால் நம்ப வேண்டாம். பணத்தை விழுங்குவது வீட்டைச் சூடாக்கும் பாய்லர்தான். அடுப்புக்குப் போவது அதன் பக்கத்தில் துளி.

இந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற ஒன்று உண்டு: விலை உச்சவரம்பு. எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. செய்திகளில், 2025-இல் வந்ததுபோல, "1,755 பவுண்டு" என்று தலைப்பு வருகிறது. அதற்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியல்ல, வரம்பு யூனிட் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான எண்களைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஒரு சராசரி வீடு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம், 11,500 யூனிட் எரிவாயு செலவழிக்கும் என்று ஆஃப்ஜெம் அப்போது வைத்துக்கொண்டது. மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ்: 711 பவுண்டு. எரிவாயு 6.29 பென்ஸ்: 723 பவுண்டு. நிலைக்கட்டணம் நாளுக்கு 53.68 பென்ஸும் 34.03 பென்ஸும்: 320 பவுண்டு. சில்லறையையும் சேர்த்துக் கூட்டினால் 1,755. நீங்கள் அதைவிட அதிகம் எரித்தால் அதிகம் கட்டுவீர்கள், வரம்பு தடுக்காது. அந்த 320 பவுண்டைக் கவனியுங்கள். ஒரு விளக்கைக்கூடப் போடாமல் ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாலும் நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனக்குப் பிடிக்காத பகுதி இது. சிக்கனமாக இருப்பவருக்கும் வாரியிறைப்பவருக்கும் ஒரே தண்டனை.

விலை காலாண்டுக்கு ஒருமுறை மாறுவதால், உங்கள் செலவு மாறாவிட்டாலும் மதிப்பீடு மாறும். ஆஃப்ஜெமின் சராசரி வீட்டுக் கணக்கு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971. அதே 2022 அக்டோபரில் அரசே குறுக்கிட்டு 2,500 என்ற அளவில் நிறுத்தியது. அப்போது மாதத் தொகைகள் ஒரே கடிதத்தில் எகிறின. பணம் கட்ட மாட்டோம், டைரக்ட் டெபிட்டை ரத்து செய்வோம் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. கோபம் புரிகிறது. ஆனால் ரத்து செய்தால் கடன் நின்றுவிடாது. பில் வந்ததும் கட்டுகிற பிரிவுக்கு உங்களை மாற்றுவார்கள், அங்கே விலையும் கூடுதல். சராசரி வீட்டுக்கு ஆண்டில் 100 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வரும். பணம் ஒழுங்காக வராத அபாயத்தையும் தாமதத்தையும் கம்பெனி அந்த விலையில் ஏற்றிவைக்கிறது. ஏழைகளே அதிகம் கட்டும் ஏற்பாடு என்று பல காலம் திட்டு வாங்கிய முன்பண மீட்டரில்கூட, 2024 ஏப்ரலில் நிலைக்கட்டணத்தைச் சமன்செய்த பிறகு, கட்டணம் டைரக்ட் டெபிட்டைவிடச் சற்றுக் குறைவுதான்.

சரி, அக்டோபரில் உங்கள் பெயரில் இருக்கும் அந்த 350 பவுண்டு எங்கே இருக்கிறது? கம்பெனியிடம்தான். வட்டி உங்களுக்கு வராது. இலட்சக்கணக்கான வீடுகளின் கோடைக்காலப் பணத்தைத் தொழிலுக்கு மூலதனமாக ஓட்டிய சிறிய கம்பெனிகள் பல இருந்தன. 2021-இல் மொத்தச் சந்தையில் எரிவாயு விலை ஏறியபோது வரிசையாகச் சரிந்தன. ஓராண்டுக்குள் ஏறத்தாழ முப்பது. வாடிக்கையாளர் பணம் போகவில்லை. ஆஃப்ஜெம் அவர்களை வேறு கம்பெனிக்கு மாற்றியது, மிச்சமும் கூடவே போனது. அந்தச் செலவு பிறகு நாட்டிலுள்ள எல்லோருடைய பில்லிலும் ஏறியது. எனவே உங்கள் பணம் பத்திரம்தான், ஆனால் தேவைக்கு மேல் அங்கே விட்டுவைக்கக் காரணமும் இல்லை.

தேவைக்கு மேல் என்றால் எவ்வளவு? அக்டோபரில் இருப்பது குளிருக்கு வேண்டியது, அதில் கை வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் ரீடிங் அனுப்பி, புது ஸ்டேட்மென்ட் வந்ததும் பாருங்கள். அப்போது 200, 300 என்று மிச்சம் நின்றால் மதிப்பீடு பெரிதாக இருக்கிறது. மிச்சத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாதத் தொகையைக் குறைக்கவும் சொல்லுங்கள். கேட்டால் தர வேண்டும், தராவிட்டால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. மாறாக ஏப்ரலில் பெரிய பாக்கி நின்றால், நவம்பரில் சேர்ந்தவராக இல்லாத பட்சத்தில், தொகையைக் கொஞ்சம் ஏற்றிவிடுவதே நல்லது. அடுத்த குளிரில் ஒரேயடியாக வராது. கம்பெனியே தொகையை ஏற்றுவதாகக் கடிதம் போட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை யூனிட் என்று வைத்து, எந்த ரீடிங்கிலிருந்து இந்தத் தொகைக்கு வந்தீர்கள்?" ஊகத்திலிருந்து வந்தது என்றால் உண்மையான ரீடிங்கைக் கொடுத்துத் திரும்பக் கணக்கிடச் சொல்லலாம். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் தவறால் பில் போடாமல் விட்டுவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய எரிசக்திக்குப் பின்னால் வந்து கேட்டால், கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு மாதமும் எரித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட்டும் சில கம்பெனிகளிடம் உண்டு. மேலே சொன்ன வீட்டுக்கு அது ஜூலையில் 65, ஜனவரியில் 255. கையில் சேமிப்பும் கட்டுப்பாடும் உள்ளவருக்கு இதுதான் நேர்மையான வழி. பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஆனால் டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டு ஜனவரியில் முழிக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு சமமான தவணையையே சொல்வேன்.

வீடு மாறும்போது மட்டும் அவசரப்பட்டு டைரக்ட் டெபிட்டை ரத்து செய்யாதீர்கள். கிளம்பும் நாள் ரீடிங்கைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி, புது முகவரியையும் கொடுங்கள். ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வர வேண்டும். அதில் உங்கள் பக்கம் மிச்சம் இருந்தால் அடுத்த பத்து வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். அது வந்து சேர்ந்ததும் வங்கி ஆப்பில் போய் ரத்து செய்துகொள்ளலாம்.