பிரஸ் மெஷினும் பத்து விரல்களும்

தில்லிக்குப் பக்கத்தில் அரியானா மாநிலம் இருக்கிறது. அங்கே பரிதாபாத், குருகிராம், மானேசர் ஆகிய ஊர்களில் கார், மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் விரல் இழந்த இளைஞர்கள் பலர். விரலை எடுத்தது பெரும்பாலும் பவர் பிரஸ்.

பவர் பிரஸ் இரும்புத் தகட்டை வெட்டும், வளைக்கும். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. இவற்றை 'டை' என்பார்கள். தகட்டைக் கீழே வைத்து, பெடலை மிதித்தால் மேல் டை இறங்கும். கை வெளியே வருவதற்குள் இறங்கினால்? இரும்பே நசுங்குகிறது. எலும்பு எம்மாத்திரம்!

"கவனம் இல்லை" என்று சூப்பர்வைசர் சொல்வார். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை கை உள்ளே போய் வருகிறது. ஒரு முறைகூடத் தவறாமல் இருக்க யாரால் முடியும்? பழைய மெஷினில் கிளட்ச் தேய்ந்திருந்தால், மிதிக்காமலே டை மறுபடி இறங்கும். அங்கே கவனம் என்ன செய்யும்?

கையைக் காப்பது மெஷினின் வேலை. சில மெஷின்களில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் டை இறங்கும். அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும். வேகமாக வேலை நடக்க வேண்டும் என்று ஒரு பொத்தானில் குச்சி செருகிவிடுவதும் உண்டு. அது விரலுக்கு வைக்கும் உலை. சென்சார் உள்ள மெஷினில் கை குறுக்கே போனால் டை நின்றுவிடும். பழைய பிரஸ் நடுவில் நிற்காது. அதற்குத் தடுப்புக் கூண்டுதான் வழி. ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்கலாம். விரல்மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு வைத்தியம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால், சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 பங்கு போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14. அந்தக் கணக்குப்படி ஆயுள் முழுதும் பணம் வரும்.

இதற்கெல்லாம் விபத்து அறிக்கை முக்கியம். தேதி, நேரம், விபத்து நடந்த விதம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது.