மருந்துப் பெட்டி வரும், மருத்துவச்சி?

போர் நடக்கும் நாடுகளுக்கு ஐ.நா. மக்கள்தொகை நிதியம் அனுப்பும் பிரசவப் பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, தொப்புள்கொடியை அறுக்க பிளேடு, கட்ட நூல், குழந்தையைச் சுற்றத் துணி. சிக்கலில்லாத பிரசவத்துக்கு அதுவே போதும். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் பையால் பயனில்லை. வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்யவும், நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று பார்க்கவும் படித்த கை வேண்டும். ஆப்கானிஸ்தானின் பல ஊர்களில் அது பெண்ணின் கையாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பெண்களுக்குப் பயிற்சி தரும் நிலையங்களைத்தான் 2024 டிசம்பரில் தாலிபான் வாய்மொழி உத்தரவால் மூடியது.

இந்தப் பயிற்சி இருபது ஆண்டு உழைப்பு. 2002-இல் நடந்த ஆய்வில், பதக்‌ஷான் மாகாணத்து ராக் மாவட்டத்தில் லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 6,500 தாய்மார்கள் இறந்தது தெரியவந்தது. நாடு முழுக்கக் கணக்கிட்டால் 1,600. அப்போது நாட்டிலிருந்த மருத்துவச்சிகளோ சில நூறு பேர். பனிமூடிய மலையூருக்கு டாக்டர் வந்து தங்க மாட்டார் என்பதால், ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2020-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் லட்சத்துக்கு இறந்த தாய்மார்கள் 620. இதுவும் கொடுமையான எண்தான். ஆனால் குண்டுச் சத்தத்துக்கு நடுவே குறைத்த எண். அதே 2020-இல், மே 12 அன்று, காபூலின் தஷ்த்-இ-பர்ச்சி பிரசவ வார்டுக்குள் புகுந்தவர்கள் சுட்டதில் 16 தாய்மார்களும் ஒரு மருத்துவச்சியும் இறந்தார்கள்.

2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை வந்தபோது, சுகாதாரத் துறைக்கு விலக்கு கிடைத்தது. அதைப் பெரிய சலுகையாகப் பேசியவர்களும் உண்டு. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை, பல்கலைக்கழகம் இல்லை என்ற நிலையில் மிச்சமிருந்த ஒரே கதவு மருத்துவச்சி, நர்ஸ் படிப்புதான். அதையும் அடைத்தபின் விலக்கு யாருக்கு? இன்று வேலையிலிருப்பவர் ஓய்வு பெறும்வரைதான் அது செல்லும். கிரிக்கெட் வீரர் ரஷீத் கானே இந்த முடிவை மாற்றச் சொல்லி வெளிப்படையாக எழுதினார். தாலிபான் மசியவில்லை.

2025-இல் அமெரிக்கா நிதியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் மூடப்பட்டன. பேச்சு இப்போது பணத்தைச் சுற்றியே ஓடுகிறது. பணம் அவசியம்தான். ஆனாலும் உதவும் நாடுகள் தாலிபானோடு உட்காரும்போது, பாதிப் படிப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவிகளைப் படிப்பை முடிக்க விடுங்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.