தொழில் இருக்கு, பெயர் எங்கே? தஞ்சாவூர் 'கம்பெனி ஓவியங்களை' வரைந்தது யார்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். போட்டோ, கீழே பெயர், அதற்கும் கீழே பதவி. இதில் பெயரை மட்டும் அழித்துவிட்டால் எப்படி இருக்கும்? சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் வரையப்பட்ட 'கம்பெனி ஓவியங்கள்' ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன. ஆள் இருக்கிறார், தொழில் எழுதியிருக்கிறது. பெயர் இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை.

'அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இப்படித்தான் இருந்தாங்க' என்ற கேப்ஷனோடு இந்தப் படங்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். ஃபார்வர்ட் பண்ணும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம். ஏன்னா, இவை நாம் நினைக்கிற அர்த்தத்தில் யாருடைய உருவப்படமும் கிடையாது.

எந்தக் கம்பெனி?

கிழக்கிந்தியக் கம்பெனிதான். நெய்வேலிக்காரர்களுக்கு அது தூரத்துக் கதை இல்லை. பக்கத்துக் கடலூரில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கியது அந்தக் கம்பெனி. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே கடலூர்தான்.

போர்கள் ஓய்ந்து கம்பெனியின் கை ஓங்க, அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் இங்கே பெருகினார்கள். தாங்கள் பார்த்த ஊரை, மனிதர்களை வீட்டுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். கேமரா இன்னும் வரவில்லை. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டவர்கள் தஞ்சாவூர் ஓவியர்கள்.

படத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கையில் தொழிலைச் சொல்லும் ஏதாவது ஒரு பொருள். குயவர் என்றால் பானை, நெசவாளி என்றால் நூல் அல்லது துணி. காலடியில் ஒரு துண்டு தரை, பின்னால் வெளிறிய வானம். வீடு, தெரு, பக்கத்து ஆள் எதுவும் இருக்காது. கீழே ஆங்கிலத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ சாதி அல்லது தொழிலின் பெயர். செட் செட்டாக ஆல்பமாக விற்பனை.

இப்போது ஒரே ஆல்பத்தின் முகங்களை வரிசையாகப் பாருங்கள். குயவரின் மூக்கும் கண்ணும் அப்படியே நெசவாளிக்கும் வந்திருக்கும். மாறுவது தலைப்பாகையும் கையிலிருக்கும் கருவியும்தான். வாங்குகிறவருக்குத் தேவைப்பட்டது ஒரு மனிதர் இல்லை, ஒரு 'வகை'. 19-ம் நூற்றாண்டில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அட்டையில் ஒரு முகம், அதன்மேல் மாற்றி மாற்றி வைக்க, முகத்துக்கு மட்டும் இடம் விட்டு உடைகள் வரைந்த மைக்கா தகடுகள். இன்றைய ஃபில்டர் மாதிரியேதான்!

சரி, யார் இவங்க?

பெரும்பாலும் தெலுங்கு பேசிய முச்சியர் குடும்பங்கள். தெலுங்கு நாட்டிலிருந்து தஞ்சைக்கு வந்தவர்கள். தோல் வேலை, வாள் உறை, சேணம், கூடவே ஓவியம் என்று பல வேலை தெரிந்தவர்கள். தங்க ரேக் ஒட்டிக் கடவுள் படம் செய்த அதே சமூகத்தின் கைகள்தான், வெள்ளைக்காரர் கேட்டதும் ஐரோப்பியத் தாளில் வாட்டர்கலரில் தொழிலாளியை வரைந்தன. 'முச்சி' என்ற சொல் பிறகு சென்னை மாகாண அரசு அலுவலகங்களிலும் ஒரு வேலையின் பெயராகவே ஆனது. இறகுப் பேனா சீவுவது, தாளில் கோடு போடுவது, புத்தகம் பைண்டிங் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஓவியரை கம்பெனி எந்த இடத்தில் வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையா?

குடும்பமாகச் சேர்ந்து பட்டறையில் செய்த வேலை என்பதால் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை என்று ஒரு விளக்கம் உண்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பல ஆல்பங்களில் வாங்கியவரின் பெயர் பத்திரமாக இருக்கிறதே! எழுத இடம் இருந்தது. ஓவியரின் பெயரை எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ரோமின் காசநாத்தென்சே நூலகத்தில் 1540-கள் காலத்து ஆல்பம் ஒன்று இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சீனா வரை உள்ள மக்களைக் காட்டும் 76 படங்கள், போர்ச்சுகீசியக் குறிப்புகளோடு. வரைந்தவர் இந்தியராக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. பெயர் அங்கேயும் இல்லை.

பெயரே இல்லாத படத்துக்கு வயதை எப்படிச் சொல்கிறார்கள்? தாளை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். 1794 முதல் ஆங்கிலேய ஆலைத் தாள்கள் பலவற்றில் வாட்டர்மார்க்கோடு ஆண்டும் இருக்கும். இங்கிலாந்தின் வாட்மேன் தாளில் 1820 என்று தெரிந்தால், படம் அதற்கு முன்னால் வரையப்பட்டிருக்க முடியாது. ஓவியரின் அடையாளம் போய்விட்டது, பேப்பர் கம்பெனியின் அடையாளம் மிச்சமிருக்கிறது.

பெயர் தப்பியது எப்போது?

யாரோ ஒருவர் எழுதி வைத்தபோது. 1830-களில் வேலூரைச் சேர்ந்த எல்லப்பா தன்னையே ஓவியமாக வரைந்தார். தாவரவியலாளர் ராபர்ட் வைட், தனக்குச் செடிகளை வரைந்துகொடுத்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களையும் பதிவு செய்தார். கோவிந்துவின் பெயரை ஆர்க்கிட் இனம் ஒன்றுக்கே 'கோவிந்தூயியா' என்று சூட்டினார். 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் தொகுத்த கண்காட்சியில், 'கம்பெனி' என்ற முத்திரைக்குப் பின்னால் இருந்த இந்திய ஓவியர்களை அவர்கள் பெயரோடு முன்னிறுத்தினார்கள். பெயர் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த வெளிச்சம்.

தஞ்சாவூர் ஓவியர்களின் வியாபாரத்தைப் பிறகு போட்டோகிராஃபி விழுங்கியது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. இந்த முறை போட்டோக்கள். கீழே பெரும்பாலும் மறுபடியும் அதே சாதி, அதே தொழில்.

பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இரண்டின் இணையதளங்களிலும் தஞ்சாவூர்ப் படங்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் ஜூம் செய்து பார்க்கும்போது முகத்தோடு நிற்காமல் கீழே இறங்கி வாருங்கள். புடவைக் கரையின் மெல்லிய கோடுகளில் ஓவியர் எடுத்துக்கொண்ட பொறுமை அங்கேதான் தெரியும்.