பத்தில் ஒரு பங்கு ஏக்கர்

இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனை வேளாண்மையை நம்பி வாழும் ஊர். வட்டைக்குச் செல்லும் வாப்பாவின் பின்னே மண்வெட்டி சுமந்து நடக்கும் மகனை அங்கே காணலாம். வரம்பு கட்டவும் வாய்க்காலைத் திருப்பவும் அவன் அறிவான். ஆயினும் விதைநெல் எவ்வளவு, உரத்துக்குச் சென்ற பணம் யாது, அறுவடையில் மிஞ்சியது என்ன என்று வினவினால் விழிப்பான். குற்றம் அவனுடையதன்று. கணக்கெல்லாம் வாப்பாவின் மனத்திலேயே இருக்கின்றது. அடுப்படியில் உம்மாவுக்குத் துணைநிற்கும் மகளின் நிலையும் இதுவே.

1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின்கீழ் நம் நாட்டுக் கிராமங்களில் இளைஞர் கழகங்கள் இயங்குகின்றன. விளையாட்டு விழாவும் சிரமதானமும் நடைபெறுகின்றன; நல்லதே. கிரிக்கெட் மட்டையைப் பழிக்க எமக்கு எண்ணமில்லை. ஆனால், பரிசளிப்பு முடிந்து வீடு திரும்பும் இளைஞன் கைப்பழக்கமாக எதைக் கொண்டுசெல்கிறான் என்று கேட்பது தகுமன்றோ?

இத்தகைய கழகமொன்றை 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஏ. பி. கிரகாம் என்ற கல்வியாளர் தொடங்கினார். மண்ணைச் சோதித்தல், தோட்டமிடுதல், உணவைப் பதப்படுத்துதல் ஆகியவையே பாடங்கள். தலை, இதயம், கை, உடல்நலம் என்னும் நான்கையும் குறிக்கும் நான்கிலைச் சின்னத்துடன் ‘ஃபோர்-எச்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய இயக்கத்தின் வித்து அதுவே.

அக்காலத்துக் குடியானவர்கள் கல்லூரி ஆய்வாளர் சொல்லை எளிதில் நம்புபவர்களல்லர். ஆனால், பிள்ளைக்கு ஒரு மூலை நிலம் விட்டுக்கொடுப்பதில் பெரிய நட்டமில்லை என்று கருதினர். 1910இல் தென் கரோலினாவில் ஜெரி மூர் என்னும் பதினைந்து வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228¾ புசல் சோளம் விளைவித்தான்! மாநிலத்தின் சராசரி விளைச்சலைவிட இது பன்மடங்கு. புசல் கணக்கு அறிந்த நம் போடிமாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் மகனிடம் தந்தையரே யோசனை கேட்கலாயினர்.

அதே ஆண்டில், அதே மாநிலத்தில், மேரி குரோமர் என்னும் ஆசிரியை சிறுமியருக்கெனத் தக்காளிக் கழகம் அமைத்தார். ஒவ்வொருத்திக்கும் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலம். நட்டு, பறித்து, டப்பியில் அடைத்து விற்று, வரவு செலவையும் அவளே எழுத வேண்டும். சிறந்தவளுக்குப் பரிசு வின்த்ரொப் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. வயலிலே தொடங்கிய பாடம் கல்லூரி வாசலில் நின்றதைக் கவனிக்க!

வரிப்பத்தான்சேனைக்கு அத்தனை நிலமும் வேண்டியதில்லை. வீட்டு வளவில் நான்கு பாத்தி போதும். மிளகாயோ, பயிற்றையோ, கத்தரியோ பிள்ளையின் விருப்பம். ஒரு கொப்பி வேண்டும். விதை வாங்கிய நாள், பசளையின் விலை, பூச்சி கண்ட நாள், விற்ற பணம் அனைத்தும் அதில் ஏற வேண்டும். கழகத்தார் வாரமொருமுறை ஒருவர் வளவை மற்றவர் சென்று பார்க்கலாம். வாடிய செடியைக் கண்டால் நகைக்காமல் காரணம் கேட்டெழுதுவதும் பயிற்சியே.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். நீர் ஊற்றினானா என்று நாள்தோறும் விரட்டாதீர்கள். ஒருமுறை செடி பட்டுப்போனாலும் போகட்டும். விற்ற பணத்தை வீட்டுச் செலவுக்கென்று வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கொப்பியின் கடைசி வரியை மகளோ மகனோ தம் கையாலேயே கூட்டி எழுதட்டும்.