மலையிலிருந்து மஃபர் கரை வரை
மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "அத்தா, நண்பர்களோடு மோட்டார் சைக்கிளிலேயே கடற்கரை ஊர்களுக்கெல்லாம் போய் வரட்டுமா?" என்று மகன் கேட்கிறான். தந்தை பதில் சொல்லாமல் தாயின் முகத்தைப் பார்க்கிறார். தாயோ, "வேண்டவே வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறார்.

பேச்சு அத்துடன் முடிந்தால் கவலையில்லை. ஆனால் பல வீடுகளில் அது முடிவதில்லை. நண்பன் வீட்டுத் திருமணம் என்றோ, வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றோ ஏதேனும் ஒரு காரணம் சொல்லிவிட்டுப் பிள்ளை புறப்பட்டு விடுகிறான். எந்தச் சாலையில் போகிறான், எங்கே தங்குகிறான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பயணங்களில் மிகவும் ஆபத்தானது இப்படிச் சொல்லாமல் போகும் பயணம்தான். ஆகவே மறுப்பதாயினும் அனுமதிப்பதாயினும், முதலில் தந்தையும் தாயும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து அப்பயணத்தை முழுமையாகத் திட்டமிட்டுப் பார்ப்பது நல்லது. திட்டம் தேறினால் அனுமதிக்கலாம். தேறாவிட்டால் ஏன் தேறவில்லை என்பது பிள்ளைக்கே விளங்கிவிடும்.

தாயின் அச்சம் ஆதாரமற்றது அன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத காரணத்தால் இறந்தோர் மட்டும் 50,029 பேர். இந்த எண்களை மனத்தில் வைத்துக் கொண்டே மேலே படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டுப் பயணம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வழியை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவாக இருக்கும். ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராட்சிகள் மூன்று: புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் புளியும் விளைவிக்கும் மண் இது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரையை அடைந்து, கடலை ஒட்டியே தெற்கே காயல்பட்டினம் வரை செல்வதாக வைத்துக் கொள்வோம். மலைப்பாதை, சமவெளி நெடுஞ்சாலை, கடற்காற்று வீசும் சாலை என மூன்று வகை வழியும் இதில் அடங்கிவிடுகின்றன.

அரபு வணிகர்கள் அந்தக் கரையை மஃபர் என்று அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து இக்கரைக்கு வந்தபோது, கரையை நெருங்கிய நிலையில் அவருடைய கப்பல் புயற்காற்றில் சிக்கியது. பாய்மரக் கப்பலோட்டிகள் காற்றின் பருவம் அறிந்தே கடலில் இறங்கினர். மான்சூன் என்னும் ஆங்கிலச் சொல்லே பருவத்தைக் குறிக்கும் மவ்சிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவர்களிடமிருந்து நம் பிள்ளைகள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே: நாள் குறிப்பதற்கு முன் பருவம் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலும் இம்மாதங்களில் வந்தவையே. ஏப்ரல், மே மாதங்களின் வெயிலோ நாள் முழுதும் வண்டி ஓட்டுபவரின் உடலை வற்றச் செய்துவிடும். எனவே சனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. ஆனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. இந்தச் சில ஆண்டுகளில் அது இந்த நல்ல பருவத்தையே ஒட்டி வருவதால், நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

நாள் கணக்கும் செலவுக் கணக்கும்

முதல் நாள்: நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கி, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கடலூர். ஏறத்தாழ 230 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள்: பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகூர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்த 131 அடி உயர மனாராவை இங்கே காணலாம்.

மூன்றாம் நாள்: நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி வழியாக இராமநாதபுரம். ஏறத்தாழ 230 கிலோமீட்டர். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகள் இவ்வழியில்தான் உள்ளன.

நான்காம் நாள்: வள்ளல் சீதக்காதியின் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகக் காயல்பட்டினம். ஏறத்தாழ 165 கிலோமீட்டர். மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல் துறைமுகம் இருந்த பழைய காயல், தூத்துக்குடியைக் கடந்ததும் வழியிலேயே வருகிறது.

ஐந்தாம் நாள் முழு ஓய்வு. திரும்புகையில் மதுரை வழியாகத் திண்டுக்கல்லில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கரூர், நாமக்கல், சேலம், ஊத்தங்கரை வழியாகத் திருப்பத்தூர். ஆக ஏழு நாட்கள். மொத்தம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு ஏறத்தாழ 29 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டாலும் மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். தங்குமிடம், உணவு ஆகியவற்றுடன், எதிர்பாராத பழுதுக்கென ஒரு தொகையும் தனியே இருக்க வேண்டும். அது வழிச் செலவில் கலந்துவிடலாகாது.

ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டினேன் என்று பெருமை பேசும் இளைஞர்கள் உள்ளனர். காரில் செல்பவருக்கு இருக்கையும் கூரையும் உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்பவர் காற்றையும் வெயிலையும் உடம்பாலேயே தாங்குகிறார். களைப்பு அவருக்குத் தெரியாமலே கண்ணில் வந்து அமரும். ஆகவே நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என எல்லை வகுத்துக் கொள்வதும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்பதும் நல்லது. ஃபஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, அஸருக்குள் தங்குமிடம் சேர்ந்து விட வேண்டும். மாலை 6 மணி முதல் 9 மணி வரையுள்ள நேரத்தில்தான் விபத்துகள் மிகுதி என்பதை அரசின் கணக்குகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் லாரியும், சாலையில் படுத்திருக்கும் மாடும் இருட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாலைக்கேற்ற எச்சரிக்கை

பயணத்தின் கடினமான பகுதி முதல் ஒரு மணி நேரம். 2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பகுதியில் வேன் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து, அதில் சென்ற பெண்களும் குழந்தைகளும் உயிரிழந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மலையிறங்கும்போது எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் உருள விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்போர் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் தளரும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

கடற்கரைச் சாலையில் இடர் வேறு வகையானது. பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். வளைவுகளில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருக்கும். உப்புக் காற்று செயினை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். எனவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் இடுவதும், ஊர் திரும்பியதும் வண்டியை நன்னீரில் கழுவுவதும் தேவை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டயர், பிரேக், செயின், விளக்குகள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். முதல் நாள் மாலை காட்டினால், மாற்றிய பாகத்தை ஓட்டிப் பார்க்க நேரம் இராது.

தொழுகை நேரம் பற்றியும் ஒரு சொல். வட ஆர்க்காட்டு வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். அங்கே அஸருடைய பாங்கு நம் ஊரைவிட முன்னதாகவே ஒலிக்கும். கஸ்ரு, ஜம்உ ஆகிய பயணச் சலுகைகளிலும் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து கொண்டால், ஜமாஅத்தைப் பிடிக்க வேண்டும் என்று வண்டியை விரட்டும் நிலை வராது.

சட்டமும் காப்பீடும்

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் கியர் வண்டியைக் கொடுப்பது பற்றிப் பேசவே இடமில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அவன் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரும். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். வார்ப்பட்டையை மாட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் நிற்காது.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. ஓட்டுபவருக்கு நேரும் உயிரிழப்புக்கோ ஊனத்துக்கோ 15 லட்சம் ரூபாய் வரை வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி யார் பெயரில் உள்ளதோ அவரே முறையான உரிமத்துடன் ஓட்டும்போதுதான் பயன்படும். நண்பனின் வண்டியை இரவல் வாங்கிச் செல்பவனின் குடும்பத்துக்கு அக்காப்பீடு உதவாது. ஆகவே இரவல் வண்டியில் நெடும்பயணம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லி விடுங்கள்.

அல்லாஹ் காக்க, விபத்து நேர்ந்தால் 108க்கு அழைக்க வேண்டும். தமிழகச் சாலைகளில் விபத்துக்குள்ளாவோருக்கு முதல் 48 மணி நேரத்தில் வரையறுக்கப்பட்ட சிகிச்சைகளை இலவசமாக அளிக்கும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும்.

வீட்டாரும் பிள்ளையும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்

இவை அனைத்தும் பிள்ளை செய்ய வேண்டியவை. வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அது இவற்றினும் முக்கியமானது.

பிள்ளை புறப்பட்டது முதல் தாயின் கை தொலைபேசியிலேயே இருக்கும். "எங்கே இருக்கிறாய்? சாப்பிட்டாயா?" என்று ஒரு மணிக்கு ஒருமுறை அழைப்பு போகும். சட்டைப் பையில் மணி அடித்துக் கொண்டே இருந்தால், உம்மா தவித்துப் போவாரே என்று அவன் ஒரு கையால் எடுக்க முயல்வான். ஒரு நொடி போதும். அன்பினால் செய்த அழைப்பே ஆபத்தாகிவிடக் கூடும்.

ஆகவே நேரம் பேசிக் கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று முறை அவனே அழைப்பான்: காலையில் புறப்படும் முன், லுஹருக்கு நிற்கும்போது, தங்குமிடம் சேர்ந்ததும். இடையில் வீட்டிலிருந்து யாரும் அழைப்பதில்லை. குறித்த நேரம் கடந்து ஒரு மணி நேரமாகியும் அழைப்பு வராவிட்டால், உடன் செல்லும் நண்பனுக்கும் அன்று தங்கவிருக்கும் இடத்துக்கும் பேசலாம். இதற்காக நாள்வாரியான வழி, தங்குமிடங்கள், நண்பர்களின் எண்கள், வண்டி எண், இரத்த வகை, காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

இன்னுமோர் உறுதிமொழியைப் பெற்றோர் தர வேண்டும். உடல் நலமில்லை, மழை பிடித்துக் கொண்டது, வண்டி சரியில்லை என்று எந்த ஊரிலிருந்து பிள்ளை திரும்பினாலும், "அவ்வளவு பேசினாயே, பாதியில் வந்துவிட்டாயே" என்று யாரும் கேலி செய்யலாகாது. பார்சல் அலுவலகம் உள்ள இரயில் நிலையங்களில், பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியைப் பதிவு செய்து அனுப்பலாம். தான் பேருந்தில் வரலாம். திரும்பி வந்தால் வீட்டில் ஏச்சு விழும் என்று அஞ்சும் பிள்ளைதான் காய்ச்சலோடும் கண்ணயர்வோடும் வண்டியை ஓட்டுவான்.

இவ்வளவையும் பேசி முடித்த பிறகும் மனம் ஒப்பவில்லையானால், அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒப்பினால், துஆச் செய்து அனுப்பி வையுங்கள். முதல் நாள் லுஹர் வரை தொலைபேசியைக் கையில் எடுக்காமல் இருப்பது தாய்க்குக் கடினமே. ஆயினும் சாலையில் செல்லும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.